மீட்டும் கையையும் பார்த்துவிட்டுச் சண்டை போடுங்கள்

பர்கூர் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஹாஸ்டல் அறையில் நண்பர்களுக்குள் பெரிய வாக்குவாதமாம். மேற்கத்திய ராக் கிட்டார்காரர்களான ஜிமி ஹென்ட்ரிக்ஸ், எரிக் கிளாப்டன், நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன், மெட்டாலிகா குழுவின் கிர்க் ஹாமெட் எல்லாருமே ஓவர்ரேட்டட் (தகுதிக்கு மேல் புகழப்படுகிறவர்கள்), இன்று யூடியூபில் பள்ளிக்கூடப் பையன்களே அவர்களைவிட வேகமாக, சுத்தமாக வாசிக்கிறார்கள் என்கிறார் ஒருவர். அப்படியென்றால் உலகப் பட்டியலில் முதல் இடம் கொடுத்தவர்களுக்கு விவரம் தெரியாதா என்று கேட்கிறார் இன்னொருவர். மூன்றாமவருக்கு வேறு கோபம்: நம்ம கிட்டார்காரர்கள் பெயரை ஏன் யாரும் எடுப்பதே இல்லை? இதில் யார் சொல்வது சரி என்று தம்பிக்குத் தெரிய வேண்டும்.

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் ஆர்கெஸ்ட்ராவில் பல வருஷம் ரிதம் கிட்டார் வாசித்தவன், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன பெயர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைத்த புகழ் அதிகம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அந்தப் புகழ் தப்பான காரியத்துக்குக் கிடைத்திருக்கிறது. எல்லாரும் லீடை, அதாவது தனியாக முன்னால் தெரிகிற வாசிப்பைப் பார்த்து, ஃப்ரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளின்) மேல் ஓடும் விரல்களைப் பார்த்து மார்க் போடுகிறார்கள். கம்பியை மீட்டும் கையை யாரும் பார்ப்பதில்லை. சண்டை முடியாமல் போவதற்குக் காரணம் அதுதான்.

காவேரிப்பட்டணத்திலோ அரூரிலோ ஒரு திருவிழாக் கச்சேரியை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி ஆரம்பித்தால் நடுச்சாமம் தாண்டிப் போகும். அதில் கிட்டார்காரர் தனியாகத் தெரியும் இடம் எவ்வளவு? சில பாட்டின் தொடக்கம், நாங்கள் பிஜிஎம் என்று சொல்லும் இடையிசையில் சில வரி, அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வைக்கும் பிடி) பிடித்து, பாட்டின் தாளத்தோடு ரிதம் ஓட்ட வேண்டும். லீடில் ஒரு ஸ்வரம் தவறினால் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ரிதம் ஒரு மயிரிழை தள்ளிப் போனால் பாடுபவர் திரும்பிப் பார்ப்பார், டோலக்காரர் முறைப்பார், மேடைக்கு முன்னால் ஆடிக்கொண்டிருக்கும் பையன்களின் கால் தடுமாறும். பாட்டைத் தாங்குவது எந்தக் கை என்று அங்கே நின்றால் புரிந்துவிடும். அந்தக் காதோடுதான் நான் இந்தப் பெரிய பெயர்களையும் கேட்கிறேன்.

முதலில் பட்டியல் விவகாரத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை 2003-இல் தலைசிறந்த 100 கிட்டார் கலைஞர்கள் என்று ஒரு பட்டியல் போட்டது. கர்ட் கோபேனுக்கு 12-ஆம் இடம், இரண்டு கையாலும் ஃப்ரெட்டைத் தட்டி வாசித்துப் பேர் வாங்கிய எட்டி வான் ஹேலனுக்கு 70-ஆம் இடம். கிட்டார் வாசிக்கிறவர்கள் கொதித்துப் போனார்கள். 2011-இல் அதே பத்திரிகை கிட்டார் கலைஞர்களையும் சேர்த்து ஒரு குழு வைத்து மறுபடி போட்டபோது வான் ஹேலன் 8, கோபேன் 73. அந்த எட்டு வருஷத்தில் கோபேன் புதிதாக எதையும் மோசமாக வாசிக்கவில்லை. அவர் 1994-இலேயே இறந்துவிட்டார். கிளாப்டன் 2003-இல் 4, 2011-இல் 2, 2023 பட்டியலில் 35. எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது சிஸ்டர் ரோசெட்டா தார்ப் விஷயம். 1915-இல் பிறந்து, ராக் அண்ட் ரோல் என்று ஒன்று வருவதற்கு முன்பே எலக்ட்ரிக் கிட்டாரில் அந்த அடியை அடித்த கறுப்பினப் பெண். தேவாலயப் பாட்டுக்காரர். முதல் இரண்டு பட்டியலிலும் அவர் பெயரே இல்லை. 2023-இல் திடீரென்று 6-ஆம் இடம். அவர் இறந்தது 1973-இல். வாசிப்பு அப்படியே இருக்கிறது, கேட்கிறவர்கள் மட்டும் மாறியிருக்கிறார்கள். அதனால் தம்பி, பட்டியலைச் சாட்சியாக வைத்து யாரும் ஜெயிக்கவும் முடியாது, தோற்கவும் முடியாது.

சரி, ஹென்ட்ரிக்ஸ். இவரைப் பற்றிப் பேசத்தான் எனக்கு ஆசை.

ஹென்ட்ரிக்ஸ் என்றால் பல்லால் வாசித்தது, 1967-இல் மான்டரே விழா மேடையில் கிட்டாருக்குத் தீ வைத்தது, முதுகுக்குப் பின்னால் பிடித்து வாசித்தது, இதைத்தான் எல்லாரும் காட்டுவார்கள். இவற்றை மட்டும் பார்த்துவிட்டு உங்கள் நண்பர் ஓவர்ரேட்டட் என்று சொன்னால் அவர்மேல் எனக்குக் கோபமே வராது. பல்லால் வாசிப்பது அவருக்கு முன்பே ப்ளூஸ் மேடைகளில் இருந்த வித்தைதான். ஆனால் ஹென்ட்ரிக்ஸ் எங்கிருந்து வந்தார் என்று பாருங்கள். புகழ் வருவதற்கு முன் லிட்டில் ரிச்சர்ட், ஐஸ்லி பிரதர்ஸ் போன்றவர்களுக்குப் பின்னால் நின்று ரிதம் வாசித்துப் பிழைத்தவர். அதாவது நம்ம ஆர்கெஸ்ட்ராக்காரர் மாதிரி பாடகருக்குப் பின்னால் இருட்டில் நிற்கிற வேலை. அந்தப் பயிற்சிதான் அவருடைய சொத்து.

அவர் பெருவிரலைக் கிட்டார் கழுத்தின் மேல்புறமாக வளைத்துக் கொண்டுவந்து தடித்த கம்பியை அழுத்துவார். அதனால் மற்ற நான்கு விரலும் விடுதலையாகிவிடும். பெருவிரல் பேஸ் ஸ்வரத்தைப் பிடித்திருக்க, மீதி விரல்கள் கார்டையும் போட்டு, அந்தக் கார்டுக்குள்ளேயே சின்னச் சின்ன ராகத் துணுக்குகளையும் வாசித்துவிடும். சோல் பாடகரும் கிட்டார்காரருமான கர்ட்டிஸ் மேஃபீல்டிடமிருந்து எடுத்துக்கொண்ட பாணியை அவர் இன்னும் விரித்தார். ‘லிட்டில் விங்’ என்று 1967-இல் வந்த பாட்டின் தொடக்கத்தை இயர்போனில் கேளுங்கள். ரிதமா லீடா என்று பிரிக்கவே முடியாது. என்னிடம் படிக்க வருகிற பிள்ளைகளில் லீடைக் கடகடவென்று வாசிப்பவர்கள்கூட அந்தத் தொடக்கத்தில் தடுமாறிப் போகிறார்கள். ஸ்வரங்கள் கடினம் என்பதால் அல்ல. எந்த ஸ்வரத்தை அழுத்தி அடிக்க வேண்டும், எதைத் தொட்டும் தொடாமலும் விட வேண்டும் என்பது எந்த நொட்டேஷனிலும் இருக்காது.

இன்னொன்று, ஒலி. அவர் இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்குச் செய்த ஸ்ட்ராடோகாஸ்டர் வகை எலக்ட்ரிக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, கம்பிகளை மாற்றிக் கட்டிக்கொண்டார். அந்தக் கிட்டாரில் பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் முடியும் இடம்) பக்கம் உள்ள பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி, சாய்வாக இருக்கும். தலைகீழானதும் சாய்வும் எதிர்ப்பக்கம் போய், தடித்த கம்பி கொஞ்சம் பளிச்சென்றும் மெல்லிய கம்பி கொஞ்சம் கனிவாகவும் கேட்கும். அப்புறம், ஆம்ப்பை (கிட்டார் ஒலிபெருக்கியை) சத்தமாக வைத்துப் பக்கத்தில் நின்றால் கீச்சென்று ஒரு ஊளை வருமே, ஃபீட்பேக். மேடையில் நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்துப் பயந்து வால்யூமைக் குறைப்போம். அவர் அதையே ஒரு ஸ்வரமாக வளைத்துப் பிடித்தார். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக்கில் அமெரிக்க தேசிய கீதத்தை வாசித்தபோது நடுவில் குண்டு விழுவதும் விமானம் பாய்வதும் கிட்டாரிலேயே கேட்டது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். வாசித்தவரும் முன்னாள் ராணுவ வீரர். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்த ஸ்டுடியோ ஆல்பம் மூன்றுதான். 1970 செப்டம்பரில், 27 வயதில் போய்விட்டார். அந்த மூன்றுக்குள் இவ்வளவும் இருக்கிறது. ஹென்ட்ரிக்ஸுக்குப் புகழ் அதிகம் என்று என்னால் ஒருநாளும் ஒத்துக்கொள்ள முடியாது.

யூடியூப் பையன்கள் வேகமாக வாசிப்பது நிஜம். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்களுக்கு முன்னால் பாதை போட்டுக் கிடக்கிறது. எந்தப் பாட்டானாலும் டேப் (எந்தக் கம்பியில் எந்த ஃப்ரெட் என்று எழுதிய குறிப்பு) கிடைக்கும், வீடியோவைப் பாதி வேகத்தில் ஓட விடலாம், சுருதி மாறாது. அறுபதுகளில் ஒரு வரியைக் கற்க வேண்டுமானால் இசைத்தட்டை 33-லிருந்து 16 வேகத்துக்குக் குறைத்து, ஒரு ஸ்தாயி கீழே இறங்கிக் கேட்பதைக் காதால் பிடித்து, மறுபடி மேலே ஏற்றி வாசிக்க வேண்டும். வான் ஹேலன் இரண்டு கையாலும் ஃப்ரெட்டைத் தட்டி வாசிக்கும் டேப்பிங்கை 1978-இல் தன் முதல் ஆல்பத்தில் காட்டினார். இரண்டு நிமிஷம்கூட வராத ஒரு தனி வாசிப்பு. டேப்பிங்கை அவர் கண்டுபிடிக்கவில்லை, ஜெனிசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் எழுபதுகளின் தொடக்கத்திலேயே செய்திருக்கிறார். ஆனாலும் அதை ஒரு மொழியாக ஆக்கிக் காட்டியவர் வான் ஹேலன்தான், அதனால்தான் இன்று பதினைந்து வயதுப் பையனும் அதைப் பேசுகிறான். கிட்டாரையும் அவரே சேர்த்தார்: 50 டாலருக்கு ஓர் உடல், 80 டாலருக்கு ஒரு கழுத்து, பழைய கிப்சன் ஒன்றிலிருந்து கழற்றிய பிக்கப். இதில் நான் சொல்ல வருவது வேறு. டேப்பிங் வரும் இடத்தை விட்டுவிடுங்கள், பாடகர் பாடும்போது பின்னால் அவர் என்ன செய்கிறார் என்று கேளுங்கள். அண்ணன் அலெக்ஸின் டிரம்ஸோடு அந்த ரிதம் ஊஞ்சல் மாதிரி ஆடும். காப்பியடிக்கிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத் தொடுவதே இல்லை.

கிளாப்டன் விஷயத்தில் உங்கள் நண்பரோடு பாதி தூரம் நான் வருவேன். 1966-இல் ஜான் மேயால் குழுவோடு அவர் வாசித்த ஆல்பத்தைக் கேட்டால், லண்டன் சுவரில் ‘கிளாப்டன் கடவுள்’ என்று எழுதியவர்களின் மனசு புரியும். லெஸ் பால் கிட்டாரை மார்ஷல் ஆம்ப்பில் மாட்டி, ஸ்டுடியோவில் யாரும் வைக்கத் துணியாத சத்தத்தில் வைத்து, அந்தத் தடித்த, அழுகிற ஒலியைப் பதிவு செய்தார். பிறகு வந்த ராக் கிட்டார் ஒலிக்கு அது ஒரு தாய் மாதிரி. க்ரீம் குழுவோடு இருந்த இரண்டு வருஷமும், 1970-இன் ‘லைலா’ ஆல்பமும் பெரிய வேலைதான். அந்த ஆல்பத்தில் ஸ்லைடு (கம்பியின் மேல் குழாயை வழுக்கி வாசிக்கும் முறை) வாசித்து உயரத் தூக்கியது டுவேன் ஆல்மன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு? நல்ல பாட்டுகள் உண்டு, 1992-இன் அன்ப்ளக்ட் ஆல்பத்தை ரசித்துக் கேட்டிருக்கிறேன். ஆனால் கிட்டாரில் அவர் புதிதாகத் திறந்த கதவு ஒன்றும் இல்லை. ஃப்ரெடி கிங், பட்டி கை (Buddy Guy), ராபர்ட் ஜான்சன் என்று ப்ளூஸ் கலைஞர்களான தன் குருமார்களை அவரே எப்போதும் சொல்லிவந்தார். ராபர்ட் ஜான்சன் 1936, 1937-இல் பதிவு செய்தது மொத்தம் 29 பாட்டு. ஒரே கிட்டாரில் பேஸ், ரிதம், லீட் மூன்றையும் கேட்க வைத்த மனிதர். குருவைக் கேட்காமல் சீடனைக் கடவுள் என்று சொன்னதில்தான் புகழ் எல்லை மீறியது. அது கிளாப்டன் செய்த குற்றம் இல்லை.

கோபேனைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். அவரை லீட் கிட்டார்காரர் என்று வைத்துப் பேசினால் சண்டை தேவையே இல்லை, அவர் அந்தப் போட்டிக்கே வரவில்லை. 1991-இல் அவரைப் பிரபலமாக்கிய பாட்டின் நடுவில் வரும் தனி வாசிப்பு, பாடிய மெட்டையே கிட்டாரில் திருப்பிச் சொல்கிறது. அது வேண்டுமென்றே எடுத்த முடிவு, அந்தப் பாட்டுக்குப் பொருந்துகிறது. மெதுவாகச் சரணம், வெடித்துப் பல்லவி என்ற அமைப்பைப் பிக்சீஸ் குழுவிடமிருந்து எடுத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். பாட்டு எழுதுகிறவராக அவர் பெரியவர். 12-ஆம் இடம் கொடுத்தவர்கள் பாட்டுக்குக் கொடுத்த மார்க்கைக் கிட்டார் பேப்பரில் போட்டுவிட்டார்கள்.

கிர்க் ஹாமெட். நம்ம பக்கத்தில் இந்தப் பெயர் அதிகம் அடிபடுவதற்குக் காரணம் 2011 அக்டோபர் 30. அன்று பெங்களூரு அரண்மனை மைதானத்தில் மெட்டாலிகா வாசித்தது. ஓசூரிலிருந்தும் கிருஷ்ணகிரியிலிருந்தும் பஸ் ஏறிப் போன பையன்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுவார்கள். எப்போது பார்த்தாலும் காலால் வா பெடலை (ஸ்வரத்தை 'வா வா' என்று அழ வைக்கும் கருவியை) மிதித்துக்கொண்டே இருக்கிறார் என்று ஹாமெட்டைக் குறை சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. அந்தக் குறையில் கொஞ்சம் உண்மை உண்டு, சில தனி வாசிப்புகளில் பெடல் யோசனையின் இடத்தை எடுத்துக்கொள்கிறது. ஆனால் அந்தக் குழுவில் பார்க்க வேண்டியது பக்கத்தில் பாடிக்கொண்டே வாசிக்கிற ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் வலது கையை. 1986-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்’ பாட்டின் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரியை) அவர் முழுக்கக் கீழ்நோக்கிய அடியாகவே அடிக்கிறார். நிமிஷத்துக்கு 210 தட்டுக்கு மேல் போகிற வேகம் அது. மேலும் கீழுமாக மாற்றி அடித்தால் கை வலி குறையும், ஆனால் அந்தச் சம்மட்டி மாதிரியான ஒலி போய்விடும். உங்கள் ஹாஸ்டலில் வேகம் வேகம் என்று பேசுகிறவரை அந்த ரிஃப்பைக் கீழ் அடியாகவே பாட்டு முடிகிறவரை அடிக்கச் சொல்லுங்கள். முன்கை என்ன பாடு படும் என்று அவரே சொல்வார்.

இதே வரிசையில் ஏசி/டிசி ராக் குழுவின் மால்கம் யங். தம்பி ஆங்கஸ் பள்ளிச் சீருடையில் மேடை முழுக்க ஓடிப் புகழ் வாங்கினார். அண்ணன் பின்னால் ஆம்ப் பக்கத்திலேயே நின்று, தடித்த கம்பி கட்டிய பழைய கிரெட்ச் கிட்டாரில் பாட்டு முழுவதையும் நிறுத்திப் பிடித்தார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு கம்பியையே கழற்றிவிட்டு ஐந்து கம்பியில் சுருதியை மாற்றிக் கட்டி வாசிப்பார். வேகமே கிடையாது, ஆனால் இரண்டு அடியில் இவர்தான் என்று தெரிந்துவிடும். நைல் ராஜர்ஸின் டிஸ்கோ ரிதமும் அப்படித்தான். இவர்களுக்கெல்லாம் உரிய புகழ் இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

என் அளவுகோலுக்கு அடங்காத ஒருவரும் உண்டு, அவரைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. பி.பி. கிங். தனக்குக் கார்டு வாசிக்க வராது என்று வெளிப்படையாகச் சொன்னவர். பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். ரிதம் கணக்கில் பார்த்தால் அவருக்கு மார்க்கே விழாது. ஆனால் இடது கையின் ஒரு விரலால் ஒரு கம்பியை வளைத்து, அந்த ஒரு ஸ்வரத்தை நடுங்க விடுவாரே, அதைக் கேட்டுவிட்டு யாரும் பட்டியல் பேச மாட்டார்கள். நம்ம காதுக்கு அது உடனே பிடிபடும். கமகம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு ஸ்வரம் போய்ச் சேரும் இடத்தைவிட அது போகிற வழி முக்கியம். நாகஸ்வரக்காரர் ஒரு ஸ்வரத்தை இழுத்துக் கொண்டுபோய் நிறுத்துவதைக் கோயிலில் கேட்டவர்கள் பி.பி. கிங்குக்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இந்த இடத்தில்தான் உங்கள் மூன்றாவது நண்பரின் கேள்வி வருகிறது. அவர் கோபம் நூற்றுக்கு நூறு சரி. ராணிப்பேட்டையில் வளர்ந்து, சென்னை ஐஐடியில் படித்துவிட்டு, அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்த ஆர். பிரசன்னா சாதாரண ஃப்ரெட் உள்ள கிட்டாரிலேயே கர்நாடக சங்கீதத்தைக் கமகத்தோடு வாசிக்கிறார். ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையாக ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ என்று 2006-இல் ஓர் ஆல்பமே செய்தார். இங்கிலாந்துக்காரர் ஜான் மெக்லாஃப்லின் நம்ம இசைக்காக டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்று, இந்திய இசைக்காரர்களோடு சேர்ந்து வாசித்த சக்தி குழுவுக்காக ஃப்ரெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குடைந்த கிட்டாரையே செய்ய வைத்தார். கம்பியை ஆழமாக அழுத்திக் கமகம் எடுக்கத்தான் அந்தக் குடைவு. அவரைப் பற்றி மேற்கில் எவ்வளவோ எழுதுகிறார்கள். பிரசன்னாவைப் பற்றித் தமிழில் எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

சினிமாப் பாட்டுக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். ‘பயணங்கள் முடிவதில்லை’ 1982-இல் வந்தது. அதில் ‘இளைய நிலா’வின் தொடக்கத்தில் வருகிற கிட்டாரைத் தருமபுரி மாவட்டத்தில் எந்தக் கச்சேரியில் எடுத்தாலும் முதல் வரியிலேயே கைதட்டல் வரும். ஒரு ஸ்வரம் மாறினாலும் கூட்டத்துக்குத் தெரியும், அந்த அளவுக்கு ஊறிப்போனது. அதை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். இந்தப் பெயரை எத்தனை பேர் சொல்வார்கள்? அதே காலத்தில் இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டாரைத் தனி ஒரு பாடகன் மாதிரி நடக்க வைத்த சசிதரன் பெயரை? இளையராஜாவே இசையமைப்பாளர் ஆவதற்கு முன் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்து கிட்டார் வாசித்தவர். அவருடைய நூறாவது படமான ‘மூடுபனி’யில் வரும் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டு கிட்டார் அடியின் மேலேயே நடக்கிறது. கிட்டார்காரன் மனசில் பிறந்த பாட்டு என்று கேட்டதும் தெரியும். கேசட் அட்டையில் இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் இருக்காது. இப்போது கேபா ஜெரமையா மாதிரி கிட்டார்காரர்கள் சிலருடைய முகமும் பெயரும் வெளியே தெரிவது நல்ல மாற்றம்.

ஆக, ஹென்ட்ரிக்ஸில் உங்கள் முதல் நண்பர் சொல்வது தவறு, 1970-க்குப் பிந்திய கிளாப்டனில் சரி, கோபேனிலும் ஹாமெட்டிலும் அவர் கேள்வியையே மாற்றிக் கேட்க வேண்டும். மூன்றாவது நண்பர் சொல்வதற்கு என்னிடம் மறுப்பே இல்லை. அவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: அடுத்த தடவை ‘இளைய நிலா’வை ஸ்டேட்டஸில் வைத்தால் சந்திரசேகர் பெயரையும் சேர்த்துப் போடட்டும்.